மணல் நிறுத்திய வண்டியும் மச்சான் தோட்டத்துச் சுவரும்

சஹம் கடற்கரை,
செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

பெருமதிப்பிற்குரிய மச்சான் நப்ஹான் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் கமீஸ் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உம்ராவை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. மக்கத்துக் கூட்டத்தில் உங்கள் முழங்காலுக்கு எந்தக் குறையும் வராமல் வியாழக்கிழமை சுகமாக வீடு வந்து சேர்வீர்களாக. இங்கே நானும் உங்கள் தங்கை சுவைனாவும் பிள்ளைகளும் நலம். செய்தி ஒன்றுமில்லை.

போன புதன்கிழமை உங்கள் பேரீச்சந் தோட்டத்துக் கிழக்குச் சுவரை இடித்துவிட்டேன். இடித்தது, நீங்கள் இருநூறு ரியால் முன்பணம் கொடுத்து ஆயிரத்து நூறுக்குப் பேசி வைத்திருக்கிறீர்களே, அதே பிக்கப் வண்டிதான். வண்டியில் பிரேக் இல்லை.

இதை நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் ஊர் ஆட்டுப்பட்டி முஹன்னா உங்களுக்கு மக்காவுக்கே போன் போட்டு என்னென்னவோ சொல்லியிருக்கிறார் என்று தெரிகிறது. அதைக் கேட்டு நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை நாங்கள் இருவரும் நான்கு முறை கேட்டோம். "கமீஸு, எனக்கு அந்த வண்டியும் வேணாம், உன் சகவாசமும் வேணாம். முன்பணத்தைத் திருப்பி வச்சுரு. என்னைக் கொல்லப் பாத்தியா நீ? உன் வீட்டு வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்" என்று இஹ்ராம் துணியோடு நின்று பேசியிருக்கிறீர்கள். முதல் நான்குக்கும் பதில் இருக்கிறது. வாசற்படி விஷயத்துக்குத்தான் பதில் இல்லை. அதைக் கேட்டதிலிருந்து உங்கள் தங்கை என் தட்டில் சோற்றை வைக்கிற சத்தமே வேறாக இருக்கிறது. குரல் செய்திக்குக் குரல் செய்தி அனுப்பலாம்தான், ஆனால் நான் பேச ஆரம்பித்தால் உங்களுக்கும் கோபம் வரும் எனக்கும் வரும், வியாபாரம் என்றால் காகிதத்தில் இருக்க வேண்டும். அதனால் எழுதி, இன்றிரவு மக்காவுக்குக் கிளம்புகிற ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் பிரேக் இல்லாத வண்டியைத் தெரிந்தே விற்கப் பார்த்தேன் என்பதுதானே உங்கள் வழக்கு? மச்சான், எனக்கே தெரியாது. சிரிக்க வேண்டாம். ஏழு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடின வண்டி அது. முதல் பதினோரு வருஷம் ஐஸ் போட்ட மீனோடு துபாய்க்கும் சஹமுக்கும் ஓடியது, அப்போது பிரேக் இருந்தது, சத்தியமாக இருந்தது. கடைசி ஆறு வருஷமாகக் கடற்கரையில் படகு இழுக்கிற வேலைதான். படகைத் தண்ணீரில் இறக்க வண்டியைப் பின்னால் விடுவோம், ஏற்ற முன்னால் இழுப்போம். அங்கே யார் பிரேக் போடுகிறார்கள்? காலை எடுத்தால் போதும், மணல் பிடித்துக்கொள்ளும். கடலுக்குள் பின்னால் போனால் அலை பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து மீன் சந்தைக்கு மூன்று கிலோமீட்டர், பலகை மாதிரி தட்டையான ரோடு, கியரைக் குறைத்தால் கழுதை மாதிரி தானாகவே நின்றுவிடும். பெடல் கொஞ்சம் ஆழமாகப் போகிறதே என்று எப்போதோ நினைத்ததுண்டு. எனக்கும் முதுகு வலிக்கிறது, வயசானால் எல்லாம் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஆறு வருஷம் என் வண்டியை நிறுத்தியது சஹம் மணல். அது எப்போது பிரேக்கிடமிருந்து வேலையை வாங்கிக்கொண்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

உங்கள் ஊரில் மணல் இல்லை. அது அன்றைக்கு உங்கள் ஹைல் ஊரின் மலை இறக்கத்தில்தான் எனக்கு உறைத்தது. நீங்கள் கேட்டீர்களே என்றுதானே அந்தப் பழைய ஃபைபர் படகை வண்டிக்குப் பின்னால் மாட்டுகிற இழுவைச் சட்டத்தில் ஏற்றிக் கட்டிக்கொண்டு வந்தேன்? ஆட்டுக்குத் தண்ணித் தொட்டியாக வைத்துக்கொள்கிறேன் என்றீர்கள். இருபத்து மூன்றடிப் படகு, அதன் எடையும் சட்டத்தின் எடையும் பின்னாலிருந்து தள்ள, உங்கள் ஊர்க் கணவாயைத் தாண்டி இறங்க ஆரம்பித்ததும் பெடலை மிதித்தேன். பெடல் தரைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. சுவைனா பக்கத்தில் அல்வாப் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, கொஞ்சம் மெதுவாப் போங்க."

"போறேன்."

"இது மெதுவா இல்லையே."

"தெரியுது."

"பிரேக்கை மிதிங்க."

"மிதிச்சுக்கிட்டேதான் இருக்கேன். உங்க அண்ணன் ஊருக்கு இன்னைக்குச் சீக்கிரம் போய்ச் சேந்துருவோம்."

இரண்டாம் கியருக்கு மாற்றினேன், என்ஜின் அலறியதே தவிர படகு கேட்கவில்லை. கைப் பிரேக்கை இழுத்தேன், உள்ளே கம்பி துருப்பிடித்து அற்றுப்போய் பிடி சும்மா கையோடு மேலே வந்தது. கீழே பாதை முடிகிற இடம் உங்களுக்குத் தெரியாததா? இடது பக்கம் முஹன்னாவின் பட்டி, முப்பது ஆடு. வலது பக்கம் பள்ளிவாசல், வாசலில் நான்கு பெரியவர்கள். நடுவில் உங்கள் சுவர். நான் வியாபாரி மச்சான், நஷ்டம் குறைவான பக்கம்தான் திருப்புவேன். சுவர் விழுந்தது, வண்டி நின்றது, உங்கள் தங்கைக்கு ஒரு கீறல் இல்லை, அல்வாப் பானைகூட மடியிலேயே இருந்தது. இதில் சேதாரம் சுவர் மட்டும்தான். ஆனால் படகு நிற்கவில்லை. கட்டு அறுந்து, சட்டத்தை விட்டு இறங்கி, என் கதவுப் பக்கமாக என்னை முந்திக்கொண்டு போய், ஊர் வாய்க்கால் தண்ணீர் வந்து சேருகிற பெரிய தொட்டியில் விழுந்தது. விழுந்து கவிழவும் இல்லை. இரண்டு முறை ஆடிவிட்டு, கடலில் நிற்பதுபோல அழகாக மிதந்தது. தண்ணீரைத் தனக்குள் வைத்துக்கொள்ளக் கொண்டுவந்த படகைத் தண்ணீர் தனக்குள் வைத்துக்கொண்டது.

இதில் எனக்குத் தாங்க முடியாதது அடுத்ததுதான். புழுதி அடங்குவதற்குள் முஹன்னா தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் பாதி சுவருக்கு உள்ளே, பாதி வெளியே, முகமெல்லாம் மண். நம் ஊர் வழக்கம் விடுமா?

"அஸ்ஸலாமு அலைக்கும் கமீஸ். சுகமா?"

"வ அலைக்கும் ஸலாம். சுகம்."

"வீட்ல எல்லாரும் சுகமா?"

"சுகம், அல்ஹம்துலில்லாஹ்."

"செய்தி உண்டா?"

என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? என் வாப்பா சொல்லிக்கொடுத்த பதிலைத்தான் சொன்னேன். "செய்தி ஒண்ணுமில்ல, எல்லாம் நலம்." அவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா. சரி. அந்தப் படகுக்கு மீன்பிடி உரிமம் இருக்கா?" என்றார். பிறகு காபி வந்தது, பேரீச்சம்பழம் வந்தது, நாங்கள் கொண்டுவந்த அல்வாவும் அங்கேயே காலியானது. மூன்று சுற்றுக் காபி முடிந்து, போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்டும் வரைக்கும் சுவரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மரியாதையான ஊர் உங்கள் ஊர். எல்லாவற்றையும் போனில்தான் பேசியிருக்கிறார்கள்.

வண்டியை லாரியில் ஏற்றி சஹமுக்குக் கொண்டுவந்து தாத்ரஹீம் பட்டறையில் இறக்கினேன். தாத்ரஹீமை உங்களுக்குத் தெரியும், பலூச்சிக்காரன், கை நல்ல கை, வாய்தான் பெரிய வாய். நான் படகோடு மலையேறின கதை எனக்கு முன்னாலேயே பட்டறைக்குப் போயிருந்தது. "வாங்க நாகுதா, கப்பல் கரை சேந்துருச்சா?" என்று என்னைக் கப்பல் தலைவனாக்கி வரவேற்றான். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான், குனிந்து பார்த்தான். நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொரு பூனை உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தது.

"நாகுதா, இந்தப் பூனையெல்லாம் எவ்வளவு நாளா?"

"மீன் வண்டிடா. பூனை வராம ஒட்டகமா வரும்?"

"மீன் பின்னாடி பெட்டிலல்ல இருக்கும். இதுங்க சக்கரத்தை நக்குதே?"

மூடியைத் திறந்து பிரேக் எண்ணெய்க் குடுவைக்குள் ஒரு விரலை விட்டான். மோந்து பார்த்தான். பிறகு அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "இது என்ன, பிரேக் எண்ணெயா, சுறாக் கருவாட்டுச் சாறா?"

ஒளிக்க ஒன்றுமில்லை, உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெருநாள் அன்று கடையெல்லாம் அடைத்திருந்தது, குடுவையில் அளவு குறைந்திருந்தது. என் பழைய மரப்படகுக்குப் பூசுகிற சுறா ஈரல் எண்ணெய் கைவசம் ஒரு டப்பா இருந்தது. எண்ணெய்க்கு எண்ணெய்தானே என்று கொஞ்சம் ஊற்றினேன். ஒரே ஒரு தடவைதான். நாற்பது வருஷம் படகுப் பலகைக்குத் தண்ணீர் போகாமல் காத்த எண்ணெய் ஒரு சின்னக் குழாயைக் காக்காதா என்று நினைத்தேன். தாத்ரஹீம் கழற்றிக் காட்டினான். உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, நசுங்கி, ஓரம் பிய்ந்து கிடந்தது. அந்த வழியாகத்தான் கசிந்திருக்கிறது. ஊர்ப் பூனைக்கெல்லாம் இத்தனை நாளாக நான்தான் விருந்து வைத்திருக்கிறேன்.

பின்சக்கர டிரம் கழலவே இல்லை. நெருப்பு காட்டினான், சுத்தியலால் தட்டினான், பலூச்சியில் திட்டினான், இரண்டு நாள் போராடினான். கடைசியில் அது கழன்று விழுந்தபோது உள்ளேயிருந்து ஒரு கோப்பை மணலும், ஒரு நண்டு குடியிருந்து காலி செய்துவிட்டுப் போன சங்கும் விழுந்தன. பிரேக் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரும்பு. முன்னால் டிஸ்க் நம் வீட்டு மெல்லிய ரகால் ரொட்டி மாதிரி, வெயிலில் பிடித்தால் மறுபக்கம் தெரியும்போலிருந்தது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று அடியில் போகிற இரும்புக் குழாய்கள் கையால் தொட்டாலே உதிர்ந்தன. "எதை மாத்தணும்னு கேக்காதீங்க, எதை மாத்த வேணாம்னு கேளுங்க" என்றான். கேட்டேன். "ஆரன் நல்லாருக்கு" என்றான்.

சாமான் வாங்கப் போன இடத்தில் மூன்று தரம் காட்டினார்கள். ஒரிஜினல், அதுக்கு அடுத்தது, அதுக்கும் அடுத்தது. நான் வழக்கம்போல நடுவில் கை வைத்தேன். தாத்ரஹீம் கூடவே வந்திருந்தான்.

"நாகுதா, உங்ககிட்ட ஒருத்தன் வந்து நேத்துப் பிடிச்ச மீனைக் கேட்டா குடுப்பீங்களா?"

"கேட்டா குடுப்பேன். விலையைக் குறைச்சுக் குடுப்பேன்."

"உங்க மச்சான் அப்படிக் கேக்கலையே. நல்ல வண்டின்னுல்ல வாங்குறாரு?"

நடுவில் வைத்த கையை எடுத்து ஒரிஜினல் பக்கம் வைத்தேன். மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், முன் டிஸ்க் இரண்டு, பின் டிரம் இரண்டு, கட்டைகள், ரப்பர் குழாய், இரும்புக்குப் பதிலாக உப்பு தின்னாத செம்புக் குழாய், கைப் பிரேக் கம்பி, எல்லாம் ஒரிஜினல். இழுவைச் சட்டத்துக்கும் தனியாக ஒரு பிரேக் வைத்தோம், இனிமேல் பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தள்ளாது. பழைய எண்ணெய் ஒரு சொட்டு இல்லாமல் கழுவினான். பூனைகள் மூன்றாம் நாள் வேறு வண்டி பார்த்துப் போய்விட்டன.

கடைசி வேலை குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியேற்றுவது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தில் திருகைத் திறந்து மூட வேண்டும். நான் உட்கார்ந்தேன். அழுத்தினேன். திருகை மூடுவதற்குள் என் கால் தானாக மேலே வந்துவிட்டது, காற்று திரும்ப உள்ளே போய்விட்டது. மறுபடியும் அப்படியே. "இறங்குங்க. உங்க காலுக்குப் பிடிக்கிற பழக்கமே போயிருச்சு. மணலுக்கே விட்டுக் கெடுத்து வச்சிருக்கீங்க" என்றான் தாத்ரஹீம். அந்த நேரம் சுவைனா சாப்பாடு கொண்டுவந்தாள். அந்த வண்டியைச் சுவருக்குள் விட்டு இறங்கியதிலிருந்து அதைத் தொடவே மாட்டேன் என்று இருந்தவள், தூக்குப் பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "தள்ளுங்க" என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள். என்னை எண்ணெய் வடிகிற பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வலது பின்சக்கரத்துக்கு அடியில் படுக்க வைத்தார்கள்.

"அழுத்துங்க அக்கா!"

"அழுத்திட்டேன்."

"விடாம பிடிங்க!"

"அதுதானே இருபத்தாறு வருஷமா செஞ்சுக்கிட்டிருக்கேன். துபாய்க்குப் போன மனுஷன் மூணு நாள் தகவலே இல்ல, பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"இப்ப விடுங்க. மறுபடி அழுத்துங்க."

"அழுத்திட்டேன். என் தங்க வளையலை வித்து ஐஸ் பெட்டி வாங்குனாரு, அடுத்த மாசம் வாங்கித் தர்றேன்னாரு. அந்த அடுத்த மாசம் இன்னும் வரல."

"விடுங்க. இன்னும் காத்து இருக்கு அக்கா, அழுத்துங்க."

"என் அண்ணனுக்கு விக்கிற வண்டிடா இது, நல்லாப் பாரு. உம்ரா போன இடத்துலருந்து வாசப்படி மிதிக்க மாட்டேங்குறாரு. எனக்கு இருக்குறது ஒரு அண்ணன்."

அடியில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். நான்கு சக்கரத்துக்கும் அரை மணி நேர வேலை மச்சான் அது. அஸர் பாங்கு சொல்லும் வரை போனது. எனக்குச் சந்தேகம் வந்து, "இன்னுமாடா காத்து இருக்கு?" என்று கேட்டேன். "காத்து போயி ஒரு மணி நேரமாச்சு நாகுதா. அக்கா சொல்லி முடிக்கட்டுமேன்னு பாத்தேன்" என்றான். பட்டறையில் இருந்த வேறு இரண்டு வாடிக்கைக்காரர்களும் தங்கள் வண்டி வேலை முடிந்தும் போகாமல் நின்றிருந்தார்கள்.

மறுநாள் பெருமையாக வண்டியைக் கடற்கரைக்கு ஓட்டிப் போனேன். கடற்கரைக் கூட்டாளி ரபீஅவின் படகை இறக்க வேண்டும். பின்னால் விட்டு, அலை தொடுகிற இடத்தில், எல்லாரும் பார்க்கட்டும் என்று பிரேக்கை ஒரு மிதி மிதித்தேன். நான்கு சக்கரமும் அப்படியே பூட்டிக்கொண்டது. நின்ற இடத்திலேயே ஈர மணலுக்குள் அச்சு வரை இறங்கிவிட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வண்டி சேர்ந்து என்னை வெளியே இழுத்தார்கள். "பிரேக் இல்லாதப்ப நல்லாத்தானேய்யா இருந்துச்சு" என்றான் ரபீஅ. "கொஞ்சூண்டு சுறா எண்ணெய் விட்டுப் பாக்கலாமா?" என்றான் இன்னொருத்தன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இது இனிமேல் கடற்கரை வண்டி இல்லை, இது மலை வண்டி, உங்கள் வண்டி.

அதனால் நேற்று, இழுவைச் சட்டத்தில் ஐஸ் மூட்டைகளை ஏற்றி, படகு எடைக்குச் சரியாகப் பாரம் வைத்து, சுவைனாவையும் கூட்டிக்கொண்டு உங்கள் ஊருக்கே வந்தோம். அவள் முகப்புப் பலகையில் ஒரு கோப்பைக் காபியை வைத்தாள். கணவாய்க்குக் கீழே அதே இறக்கத்தில் மூன்று இடத்தில் நிறுத்தினேன். மூன்றிலும் நின்றது. ஒரு சொட்டுக் காபி சிந்தவில்லை. மூன்றாவது இடத்தில் கைப் பிரேக்கை மட்டும் போட்டு இறங்கி நின்று பார்த்தேன், வண்டி மலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இந்த ஆறு வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை. முஹன்னா தடியோடு வந்தார். "செய்தி உண்டா?" என்றார். "செய்தி ஒண்ணுமில்ல" என்றேன். அவர் போய்ச் சக்கரத்தைப் பார்த்து, சுவரைப் பார்த்து, "இந்தத் தடவை நம்புறேன்" என்றார்.

ஆக என் தரப்பு இதுதான். பிரேக் வேலைக்கு ஆன செலவு முழுதும் என்னுடையது. உங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை. வண்டி, பேசியபடி ஆயிரத்து நூறு, முன்பணம் போக மீதி தொள்ளாயிரம். சுவர் ஏற்கெனவே சாய்ந்திருந்த சுவர் என்பதால் அதில் பாதி உங்களுடையது, பாதி என்னுடையது. படகு தொட்டியிலேயே மிதக்கிறது. எடுத்துவிடலாம் என்றேன், ஊர்ப் பிள்ளைகள் அழுகிறார்கள், வெள்ளிக்கிழமை வரை இருக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை விமான நிலையத்துக்கு இந்த வண்டியிலேயே வந்து உங்களை அழைத்துப் போகிறேன். இறக்கத்தில் நீங்களே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவைச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் முன்பணத்தை அங்கேயே எண்ணி வைக்கிறேன். ஆனால் வாசற்படி விஷயத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். எங்களுக்காக கஅபாவின் முன்னால் ஒரு துஆ கேளுங்கள், தாத்ரஹீமின் வாய்க்காகவும் ஒன்று. ஜம்ஜம் தண்ணீர் மறக்க வேண்டாம்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
கமீஸ் பின் சன்ஜூர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கை வாங்கிப் படித்துவிட்டாள். அவள் திருத்தங்களைச் சேர்க்காமல் இதை அனுப்ப முடியாது. சுறா எண்ணெய் ஒரு தடவை இல்லை, மூன்று வருஷம். சுவர் சாய்ந்திருக்கவில்லை, நேராகத்தான் இருந்தது. காபி சிந்தவில்லை என்பது கடைசி இரண்டு நிறுத்தத்துக்கு மட்டும் உண்மை, ஏனென்றால் முதல் நிறுத்தத்திலேயே அது முழுவதும் என் மடிக்கு வந்துவிட்டது, மற்ற இரண்டுக்கும் கோப்பை காலி. கடைசியாக, வண்டி விற்பனைக்கு இல்லை. "என் அண்ணன் கண்ணுல பொரை வந்து ரெண்டு வருஷமாச்சு, வெக்கப்பட்டுச் சொல்லாம இருக்காரு. அந்த இறக்கத்துல அவரு கையில இதைக் குடுக்க மாட்டேன். பிரேக்கைப் பிடிச்சது நான், வண்டி எனக்கு" என்கிறாள். இன்று காலை ஏதோ காகிதத்தில் என் கையெழுத்தை வாங்கிப் போய்ப் பதிவையே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுடைய பழைய வளையல் விவகாரம் அதோடு தீர்ந்ததாம். வியாழக்கிழமை விமான நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு வருவதும் அவள்தான். நான் கூட வரலாம். நீங்களும் நானும் மறுப்பதற்கு இடமில்லாதபடி அவள் பேசி முடித்த ஏற்பாடு: உங்கள் முன்பணம் இருநூறு திரும்பி வரும். சுவர் முழுதும் என் செலவில், என் கையால். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் வண்டியோடு ஹைலுக்கு வந்து உங்கள் ஆடு, தீவனம், பேரீச்சம்பழம் எதுவானாலும் ஏற்றி இறக்குவாள், உங்கள் கண் ஆஸ்பத்திரிக்கும் அதே வண்டி. நடைக்கு மூன்று ரியால். சாமான் பாரமில்லாத நாளில் இரண்டு. நீங்கள் எங்கள் வாசற்படியை மிதித்து ஒருவேளைச் சோறு சாப்பிடுகிற வாரத்துக்கு இலவசம்.